காமினோ தெ இன்வியர்னோ: சின்ன ஊர்களில் இரவு தங்க இடம் பிடிப்பது எப்படி?

புதுச்செருப்பு

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் என் அக்காவும் ஸ்பெயினில் சாந்தியாகோ பேராலயத்துக்குப் போகும் காமினோ என்ற பாதயாத்திரை நடக்கப் போகிறோம். முதலில் எல்லோரும் அதிகம் நடக்கும் பிரெஞ்சு வழியில்தான் போவதாக இருந்தோம், ஆனால் அங்கே கடைசி நூறு கிலோமீட்டர் திருவிழாக் கூட்டம் என்று படித்ததும் ஆசை போய்விட்டது. 2024-இல் மட்டும் எல்லா வழிகளிலும் சேர்த்து சாந்தியாகோவுக்கு வந்து பதிந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேராம். அதனால் பொன்ஃபெராடாவில் பிரிகிற இன்வியர்னோ, அதாவது குளிர்காலப் பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 260 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

சிக்கல் என்னவென்றால் அக்காவுக்கு அறுபதை நெருங்குகிற வயது, ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வழிகாட்டிகளில் பார்த்தால் 27, 30, 35 என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் ஊர்களின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது, தங்க இடம் இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. முன்பதிவுத் தளங்களில் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. இரண்டு பேரும் இந்தியக் கடவுச்சீட்டு, விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேறு கேட்கிறார்கள். சைவம் வேறு. போனவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

முன்பதிவு எல்லாம் எதற்கு? நான் பிரெஞ்சு வழியில் ஓர் இரவுக்குக்கூட முன்பதிவு செய்ததில்லை. மதியம் ஊருக்குள் போக வேண்டியது, அல்பெர்கே, அதாவது யாத்ரீகர் விடுதி வாசலில் பையை வரிசையில் வைக்க வேண்டியது, கதவைத் திறந்ததும் படுக்கை. ஓர் இடம் நிரம்பிவிட்டால் ஐந்து கிலோமீட்டரில் அடுத்தது இருக்கும். திட்டம் போட்டு நடந்தால் அது யாத்திரை இல்லை, அலுவலக வேலை.

மலைக்காற்று

ஊர்சுற்றி அண்ணா, நீங்கள் சொல்வது பிரெஞ்சு வழிக்குச் சரி. இன்வியர்னோவில் அடுத்த இடம் ஐந்து கிலோமீட்டரில் இல்லை, பதினைந்து இருபதில் இருக்கும், அதுவும் திறந்திருந்தால். மொத்த யாத்ரீகர்களில் ஒரு சதவீதம்கூட இந்த வழியில் வருவதில்லை, ஆகவே படுக்கைக்கு அடிதடி கிடையாது. இங்கே பிரச்சினை கூட்டம் இல்லை, பூட்டு. வீட்டுக்காரர் அன்று யாரும் வரவில்லை என்று பக்கத்து ஊருக்குப் போயிருப்பார், சாவி மதுக்கடையில் இருக்கும், மதுக்கடைக்கு அன்று வார விடுமுறையாக இருக்கும். முந்தின நாளே ஒரு போன் போட்டுவிட்டால் இதெல்லாம் வராது. ஒரு மாதம் முன்னால் முன்பதிவும் வேண்டாம், வெறுங்கையோடு போய் நிற்கவும் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டுச் சொல்வது, அவ்வளவுதான்.

புதுச்செருப்பு, உங்களுக்கு ஒரு யோசனை. கிலோமீட்டரை வைத்து நாளைப் பிரிக்காதீர்கள். முதலில் எந்தெந்த ஊரில் உறுதியாகப் படுக்கை இருக்கிறது என்று குறியுங்கள், அப்புறம் அவற்றுக்கிடையே எப்படி நடப்பது என்று பாருங்கள். ஓ பார்கோ தெ வால்தியோராஸ், ஆ ரூவா, கிரோகா, மோன்ஃபோர்தே தெ லெமோஸ், சந்தாதா, லாலின். இவையெல்லாம் கடை, மருந்தகம், விடுதி உள்ள ஊர்கள். இந்த ஆறையும் முளை அடித்த மாதிரி வைத்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

இடங்களைத் தேடுவதற்கு க்ரோன்ஸே என்ற ஸ்பானிய இணையதளம் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் என்ன இருக்கிறது, எந்த மாதம் திறந்திருக்கும், தொலைபேசி எண், எல்லாம் போட்டிருப்பார்கள். வழக்கமான முன்பதிவுத் தளங்களில் சின்ன ஊர் வீடுகள் இருக்கவே இருக்காது, தரகுக் கட்டணம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

கால்வலிக்காரன்

விசாவுக்கு ஏன் கவலை? ஏதாவது ஒரு தளத்தில் பதினைந்து நாளைக்கு மாட்ரிட்டில் ஓர் ஓட்டல் போட்டுச் சான்றை எடுத்துவிட்டு, விசா வந்ததும் ரத்து செய்துவிடுங்கள். எல்லோரும் செய்வதுதானே.

சுமைதாங்கி

இந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? காகிதத்தில் மாட்ரிட், முதுகில் பாதயாத்திரைப் பை. தேவையில்லாத வம்பு.

நேர்மையான வழியே சுலபமாக இருக்கிறது. கலீசியா, அதாவது சாந்தியாகோ இருக்கும் மாநில அரசின் அல்பெர்கேக்களில் முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில், அதுவும் ஓர் இரவுதான். ஆகவே அவற்றை வைத்துச் சான்று காட்டவே முடியாது. ஆனால் மலைக்காற்று சொன்ன ஆறு ஊர்களிலும் சாதாரண ஓட்டல், ஒஸ்தால், பென்சியோன் என்ற சின்ன விடுதிகள் இருக்கின்றன. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை அங்கே உங்கள் உண்மையான தேதிகளுக்கே போடுங்கள். நடுவில் சின்ன ஊரில் தங்கும் இரவுகளுக்கு அந்த வீட்டுக்காரரிடம் ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள், பெயர், தேதி, கடவுச்சீட்டு எண்ணோடு. கூடவே நாள்வாரியாக நடைத்திட்டம் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். காமினோ என்றால் ஸ்பானியத் தூதரகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எங்கே தங்கினாலும் கடவுச்சீட்டு கேட்பார்கள். விருந்தினர் விவரங்களை அரசுக்கு அனுப்பும் விதி ஸ்பெயினில் முன்பே உண்டு, 2024 டிசம்பரிலிருந்து இன்னும் விரிவாகிவிட்டது. கிராமத்து அம்மா கைப்பேசியில் படம் எடுத்தால் பயப்பட வேண்டாம்.

புதுச்செருப்பு

சுமைதாங்கி ஐயா, மிக்க நன்றி. விசாப் பகுதி தெளிந்துவிட்டது. ஆனால் 20 கிலோமீட்டர்? ஆ ரூவாவிலிருந்து கிரோகா 27 வரை போகிறது, கிரோகாவிலிருந்து மோன்ஃபோர்தே 35. நடுவில் என்ன செய்வது? பழனி நடைபோல வழியெங்கும் பந்தலும் தண்ணீரும் இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

சில்நதி

நான் பிரான்சில் இருக்கிறேன், இந்த வழியைத் துண்டு துண்டாக நடந்து முடித்தவள். அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பந்தல் இல்லை. சில இடங்களில் மூன்று நான்கு மணி நேரம் ஒரு மனிதரைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். நாய் குரைக்கும், ஆள் வர மாட்டார்.

ஆனால் இந்தப் பாதைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மோன்ஃபோர்தே வரைக்கும் பாதை பெரும்பாலும் சில் ஆற்றை ஒட்டியே போகிறது, அதே பள்ளத்தாக்கில் ரயில் பாதையும் போகிறது. பொன்ஃபெராடா, ஓ பார்கோ, ஆ ரூவா, சான் க்ளோதியோ (இதுதான் கிரோகாவுக்கான நிலையம்), மோன்ஃபோர்தே. நடுவில் கெரென்யோ, சொப்ரதெலோ, மோன்தேஃபுராதோ போன்ற குட்டி நிலையங்கள். ஓர் ஊரில் இரண்டு மூன்று இரவு அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் நடந்துபோய் வண்டியில் திரும்பி வரலாம், மறுநாள் விட்ட இடத்துக்கே போய் மேலே நடக்கலாம். ஒவ்வொரு நாளும் புது இடம் தேடும் தலைவலி பாதியாகிவிடும், கனமான பையும் அறையிலேயே இருக்கும். விசாச் சான்றுக்கும் இது ஒத்துவரும்.

ஒரே எச்சரிக்கை, ரயில்கள் மிகக் குறைவு, குட்டி நிலையங்களில் எல்லாம் நிற்பதில்லை. ஸ்பானிய ரயில்வே தளத்தில் அந்தக் கிழமைக்கான நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரயில் இல்லாத நேரத்துக்கு டாக்ஸி. ஆ ரூவாவிலும் கிரோகாவிலும் டாக்ஸி உண்டு, எண்ணை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் நின்று தேடினால் இணையம் கிடைக்காது.

ஆ ரூவா கிரோகா நாளை மோன்தேஃபுராதோ பக்கம் உடைக்கலாம். அங்கே சில் ஆற்றைத் திருப்புவதற்கு ரோமானியர்கள் மலையைக் குடைந்த சுரங்கம் இருக்கிறது, தங்கம் அரிப்பதற்காக. ஆற்றையே ஓட்டை போட்டுத் திருப்பியவர்கள் அங்கே ஒரு சத்திரம் கட்டியிருக்கலாம்! கிரோகா மோன்ஃபோர்தே நாளை ஆ போப்ரா தோ ப்ரோயோனில் உடையுங்கள், கிரோகாவிலிருந்து 22, 23 வரும், கொஞ்சம் கூடுதல்தான். அங்கிருந்து மோன்ஃபோர்தே அரை நாள் நடை.

ஊர்சுற்றி

ரயில், டாக்ஸி எல்லாம் ஏறினால் சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் கொடுப்பார்களா? என்னைக் கேட்டால் வண்டி ஏறியவுடன் அது சுற்றுலா.

சில்நதி

உங்களை யாரும் கேட்கவில்லை அண்ணா, கோபிக்காதீர்கள். கொம்போஸ்தேலா சான்றிதழுக்கு 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், மோன்ஃபோர்தேயிலிருந்து நடந்தாலே அது தாராளமாக வந்துவிடும். தூங்குவதற்காக வண்டியில் போய், காலையில் விட்ட அதே இடத்தில் இறங்கி நடப்பவர் ஓர் அடியைக்கூட விடவில்லை. பிந்தைய பகுதியில் யாத்ரீகர் அட்டையில் ஒரு நாளைக்கு இரண்டு முத்திரை வாங்குங்கள், மதுக்கடை முத்திரையும் செல்லும். அறுபது வயது மூட்டு எந்த விதியையும் படிக்காது.

இந்த வழியில் பல கிராம வீட்டுக்காரர்களே பாதைக்குக் காரைக் கொண்டுவந்து அழைத்துப் போய், காலையில் அதே இடத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். சிலர் இலவசமாக, சிலர் பெட்ரோல் காசுக்கு. பேசும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

மலைக்காற்று

பேசுவது பற்றி. ஸ்பானிய மொழி தெரியாதே என்று பலர் போன் செய்யத் தயங்குகிறார்கள். வாட்ஸப் போதும், ஸ்பெயினில் பாட்டிகள்கூட வாட்ஸப்பில்தான் இருக்கிறார்கள். எண்ணுக்கு முன்னால் 34 போடுங்கள். ஆறு அல்லது ஏழில் தொடங்கினால் கைப்பேசி, ஒன்பதில் தொடங்கினால் பெரும்பாலும் தரைவழி, அதற்குப் பேசத்தான் வேண்டும். நான்கு வரி போதும்: "ஓலா. சோமோஸ் தோஸ் பெரெக்ரினாஸ். தியெனே தோஸ் கமாஸ் பாரா மன்யானா? க்ராசியாஸ்." நாளைக்கு இரண்டு படுக்கை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள், எங்கிருந்து நடந்து வருகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

வர முடியாவிட்டால் அதையும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டம்மா உங்கள் இரண்டு பேருக்காகத்தான் கணப்பு மூட்டி, சந்தைக்குப் போய்வந்திருப்பார். முன்பணம் கேட்காமல் வாய்ச்சொல்லை நம்பி அறையைப் பிடித்து வைக்கிறவர்கள் இவர்கள். நாலு பேர் சொல்லாமல் வராமல் போனால் அடுத்த ஆண்டு அந்தக் கதவு மூடிவிடும், இந்த வழியில் ஒரு கதவு மூடினால் பின்னால் வருபவருக்கு ஒரு நாள் நடையே போய்விடும்.

கடலோரம்

அரசு அல்பெர்கே பற்றி ஒரு கேள்வி. எவ்வளவு? சமைக்கலாமா?

சுமைதாங்கி

10 யூரோ. படுக்கைக்கும் தலையணைக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் விரிப்பு கொடுப்பார்கள், போர்வை உங்களுடையது. வழக்கமாக மதியம் ஒரு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுவார்கள். நடந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை, சைக்கிள்காரர்கள் அதற்கப்புறம். சமையலறை பளபளவென்று இருக்கும், அடுப்பு இருக்கும், பாத்திரம்தான் பல இடங்களில் இருக்காது. ஏன் இப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சைவக்காரர்கள் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரமும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

புதுச்செருப்பு, மோன்ஃபோர்தேக்கு அப்புறம் உங்களுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. மோன்ஃபோர்தேயிலிருந்து சந்தாதா 30 கிலோமீட்டர், நடுவில் மின்யோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, பெலெசாரில் ஆற்றைக் கடந்து, திராட்சைத் தோட்டப் படிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏற வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் தியோமோந்தி, 20 கிலோமீட்டர் அளவில். பழைய ரோமானெஸ்க் தேவாலயத்தை ஒட்டிய கல் கட்டடத்தை அரசு அல்பெர்கேயாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே கடை கண்ணி எதையும் எதிர்பார்க்காதீர்கள், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் மோன்ஃபோர்தேயிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் சந்தாதா பத்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்தப் பத்தே போதும் என்று முழங்கால் சொல்லும்.

கால்வலிக்காரன்

சரி, என் விசா யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், சில இடங்களில் "தொனாதிவோ" என்று போட்டிருக்கிறதே, அது இலவசம்தானே?

சில்நதி

இல்லவே இல்லை. உண்டியல் இருக்கும், உங்களால் முடிந்ததைப் போட வேண்டும். நேற்று வந்தவர் போட்ட காசில்தான் இன்று நீங்கள் சாப்பிடுகிறீர்கள். கையில் காசில்லாத ஒருவர் போடாமல் போகலாம், அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆயிரக்கணக்கில் விமானச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு இங்கே ஒரு யூரோ நாணயம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தனியார் அல்பெர்கேயில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன கொடுப்பீர்களோ அதையாவது போடுங்கள்.

சைவம் பற்றி. "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஆதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வரும். கலீசியக் கீரை சூப்பில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தொர்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா ஊரிலும் காப்பாற்றும். லாலின் ஊரின் பெருமையே கொசிதோ என்ற பன்றி இறைச்சிக் குழம்பு, அங்கே மட்டும் பல்பொருள் அங்காடியே கதி. இரவு உணவு எட்டரைக்கு முன்னால் கிடைக்காது, அதனால் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு இரவு பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி என்று முடிப்பதுதான் நல்லது.

நிழல்மரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இதை ஜனவரியில் நடக்கலாம் என்று இருக்கிறேன், பெயரே குளிர்காலப் பாதைதானே?

மலைக்காற்று

பெயர் வந்தது ஓ செப்ரெய்ரோ மலைப்பனியைத் தவிர்க்க அந்தக் காலத்தில் ஆற்றோரமாகப் போனதால். அந்தக் காலத்தில் பூட்டிய கதவைத் தட்டினால் திறந்திருப்பார்கள். இப்போது நவம்பரிலிருந்து மார்ச் வரை தனியார் இடங்கள் பல மூடிவிடும். வெளிச்சமும் குறைவு, மழையும் கூடுதல். பெரிய ஊர் ஓட்டல்களை நம்பி, ரயிலும் டாக்ஸியும் வைத்து நடக்கலாம், முடியாது என்றில்லை. சின்ன ஊர் இரவு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இன்னொரு விஷயம். 2025 ஆகஸ்ட் காட்டுத்தீ பழைய ரோமானியத் தங்கச் சுரங்கமான லாஸ் மெதுலாஸ் பகுதியையும் ஓ பார்கோவைச் சுற்றியுள்ள வால்தியோராஸ் மலைக் கிராமங்களையும் மோசமாகத் தாக்கியது. பழைய பயணக் குறிப்புகளில் படித்த இடம் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பகுதியில் தங்குவதாக இருந்தால் திறந்திருக்கிறதா, பாதை மாறியிருக்கிறதா என்று அங்கே விடுதி நடத்துபவர்களிடமே கேளுங்கள். முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்கிச் செலவழியுங்கள், அவர்களுக்கு இப்போது அது தேவை.

புதுச்செருப்பு

நேற்று இரவு அக்காவும் நானும் உட்கார்ந்து இப்படிப் போட்டோம். பார்த்துச் சொல்லுங்கள்.

பொன்ஃபெராடாவிலிருந்து வியாவியெஹா, அங்கே ஊராட்சி அல்பெர்கே என்று போட்டிருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்து லாஸ் மெதுலாஸ் பார்த்துக்கொண்டே புவெந்தே தெ தொமிங்கோ ஃப்ளோரெஸ். அப்புறம் ஓ பார்கோ. பிறகு ஆ ரூவாவில் இரண்டு இரவு, மோன்தேஃபுராதோ வரை நடந்துவிட்டு டாக்ஸியில் திரும்பி, மறுநாள் அங்கிருந்தே கிரோகா. அடுத்து ஆ போப்ரா, மோன்ஃபோர்தேயில் ஒரு நாள் ஓய்வு, தியோமோந்தி, சந்தாதா. சந்தாதாவிலிருந்து ரொதெய்ரோ 26, நடுவில் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்துக்கு மோன்தே ஃபாரோ ஏற்றம் என்கிறார்கள், அதனால் சந்தாதாவிலும் இரண்டு இரவு போட்டு அந்த நாளை இரண்டாக வெட்டியிருக்கிறோம். ரொதெய்ரோ, லாலின், சியேதா, போன்தே உய்யா, சாந்தியாகோ. ஓட்டல் சான்றுகள் ஐந்து ஊருக்குக் கிடைத்துவிட்டன. ஆ போப்ராவில் மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பந்தல் இல்லை என்பதை அக்கா எதிர்பார்த்ததைவிட நன்றாக ஏற்றுக்கொண்டார். நாய்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சில்நதி

கிராமத்து நாய்கள் பெரும்பாலும் கட்டியிருக்கும், அல்லது சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும், கையில் நடைக்கம்பு இருந்தால் போதும். அவசரத்துக்கு 112 என்று அக்காவின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுங்கள்.

திட்டம் அருமை. ஆ போப்ராவில் பதில் வராவிட்டால் கவலை வேண்டாம், மோன்ஃபோர்தேயில் ஓய்வு நாளோடு கூட ஓர் இரவு சேர்த்துப் போட்டு, ஆ போப்ராவிலிருந்து டாக்ஸியில் வந்து தூங்கிவிட்டு மறுநாள் அங்கேயே போய் நடங்கள்.

சுமைதாங்கி

ஒன்றே ஒன்று மாற்றுங்கள். உங்கள் கணக்குப்படி மோன்ஃபோர்தே, சந்தாதா இரவுகள் அக்டோபர் 12-ஐ ஒட்டி வருகின்றன. அது ஸ்பெயினில் தேசிய விடுமுறை, வார இறுதியோடு சேர்ந்தால் உள்ளூர்ச் சுற்றுலாக்காரர்கள் ரிபெய்ரா சாக்ரா என்ற இந்தத் திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிவிடுவார்கள், திராட்சை அறுவடை முடிகிற காலமும் அதுதான். வழியில் மற்ற இடங்களுக்கு முந்தின நாள் போன் போதும் என்று மலைக்காற்று சொன்னார் அல்லவா, இந்த இரண்டு ஊருக்கும் மட்டும் இன்றே அறையை உறுதி செய்துவிடுங்கள். அல்லது நான்கு நாள் முன்னதாகக் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். ரொதெய்ரோவுக்குப் போகும் நாள் ஞாயிறாக வந்தால் கடை இருக்காது, சனிக்கிழமை சந்தாதாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச்செருப்பு

விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை, முன்னதாகவே கிளம்பிவிடுகிறோம். ஆ போப்ராவிலிருந்து இப்போதுதான் வாட்ஸப் வந்தது. இரண்டு படுக்கை உண்டாம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கிறார்கள்.